இரும்பை இணைக்கும் கைகள்: உலோகக் கட்டமைப்புத் தொழிலில் ஒரு வாழ்க்கைப் பாதை

1943-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் ஹவுரா பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகு கொண்டு எழுப்பப்பட்ட அப்பாலத்தின் பாகங்கள் நட்டும் போல்ட்டும் இன்றித் தறையாணிகளாலேயே இணைக்கப்பட்டன. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்த இணைப்புகள் தங்கள் பொறுப்பை நிறைவேற்றி வருகின்றன. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி கப்பல்களுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக உயர்கிறது. இங்கே தறையாணிகளின் இடத்தைப் பற்றவைப்பு எடுத்துக்கொண்டுள்ளது. இணைக்கும் முறை மாறினாலும் இணைப்பவரின் தேவை மாறவில்லை. தகட்டை அளந்து, வெட்டி, வளைத்து, பொருத்தி, உருக்கி ஒன்றாக்கும் தொழிலாளர் இல்லாமல் பாலமும் இல்லை. இரயில் பெட்டியும் இல்லை. நம் வீட்டு வாசலின் இரும்புக் கதவும் இல்லை.

பட்டறைகளில் ஃபேப்ரிகேஷன் என்ற பெயரால் வழங்கும் இந்த உலோகக் கட்டமைப்புத் தொழிலைப் பற்றிப் பெற்றோர் பலருக்கு ஓர் ஐயம் உண்டு. இது புகையிலும் தீப்பொறியிலும் உழலும் கூலி வேலைதானே, இதில் பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆகும் என்பதே அந்த ஐயம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. முறையான பயிற்சியும் சான்றும் பாதுகாப்பும் இன்றி நுழைபவருக்கு இது கடைசி வரை கூலி வேலையாகவே அமைந்துவிடக்கூடும். முறையாக நுழைபவருக்கோ இது படிப்படியாக உயரும் ஒரு கைத்தொழில். இவ்விரு பாதைகளும் எங்கே பிரிகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிலின் இயல்பு

உலோகக் கட்டமைப்பு என்றால் பற்றவைத்தல் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பற்றவைப்பு இத்தொழிலின் ஒரு பகுதியே. முதலில் வரைபடத்தைப் படிக்க வேண்டும். காகிதத்தில் தட்டையாகத் தெரியும் கோடுகளிலிருந்து முழு உருவத்தை மனக்கண்ணில் காண்பது தனித் திறன். அடுத்து, தகட்டின் மீது அளவு குறிக்க வேண்டும். ஒரு தொட்டியின் கூம்பு வடிவ அடிப்பகுதியைச் செய்ய, அதனை விரித்தால் தட்டையான தகட்டில் எவ்வடிவம் கிடைக்கும் என்று கணக்கிட வேண்டும். பள்ளியில் படித்த வடிவியல் இங்கே உயிர் பெறுகிறது. பிறகு எரிவாயுவாலோ பிளாஸ்மாவாலோ வெட்டுதல், எந்திரத்தில் வளைத்தல், மூலைமட்டம் வைத்துப் பொருத்துதல், சிறு புள்ளிகளாக டேக் அடித்து நிறுத்துதல் ஆகியவை நிகழும். அதன் பின்னரே முழுமையான பற்றவைப்பு தொடங்கும்.

அந்நிலையிலும் அறிவுக்கு ஓய்வில்லை. சூடேறும் உலோகம் விரிகிறது, குளிரும்போது சுருங்குகிறது. சுருங்கும் பற்று, தான் இணைத்த தகடுகளைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு பக்கமாகவே தொடர்ந்து பற்றவைத்தால், காலையில் செங்கோணமாக இருந்த சட்டம் மாலையில் கோணலாகிவிடும். ஆகவே தேர்ந்த தொழிலாளி எப்பக்கத்தில் தொடங்குவது, எவ்வளவு நீளத்திற்குப் பற்றவைப்பது, எப்போது எதிர்ப்பக்கத்திற்கு மாறுவது என்று முன்கூட்டியே திட்டமிடுகிறார். இத்திட்டத்தை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேறுபாடு, பொருளை எடுத்துப் பொருத்தும் நாளில் வெளிப்படும்.

பற்றவைப்பிலும் பல முறைகள் உள்ளன. ராடு கொண்டு செய்யும் ஆர்க் வெல்டிங் கட்டுமான இடங்களில் மிகுதியாகப் பயன்படுகிறது. தொடர்ந்து கம்பியை ஊட்டிச் செய்யும் மிக் முறை, விரைவு தேவைப்படும் தொழிற்சாலைகளுக்கு ஏற்றது. ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யப்படும் டிக் முறை, துருப்பிடிக்காத எஃகுக்கும் அலுமினியத்துக்கும் உயர் அழுத்தக் குழாய்களுக்கும் உரியது. மூன்று முறைகளையும் அறிந்தவருக்கு வேலை வாய்ப்பின் எல்லை விரிகிறது.

பயிற்சியின் படிகள்

இந்தியாவில் இத்தொழிலுக்கான முதன்மை வாயில் தொழிற்பயிற்சி நிலையங்களே. 1950-ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. அரசும் தனியாரும் நடத்தும் ஏறத்தாழ 15,000 நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. வெல்டர் பிரிவு ஓராண்டுப் பயிற்சி. எட்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவரும் இதில் சேரலாம். ஃபிட்டர் எனப்படும் பொருத்துநர் பிரிவு ஈராண்டுப் பயிற்சி. இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். குழாய், கட்டுமானம் எனத் தனித்தனித் துறைகளுக்கான வெல்டர் பிரிவுகளும் சில நிலையங்களில் உள்ளன. அரசு நிலையங்களில் கட்டணம் மிகக் குறைவு. எனவே கடன் வாங்குவதைப் பற்றி எண்ணுவதற்கு முன், அருகிலுள்ள அரசு நிலையத்தில் இடம் கிடைக்குமா என்று பார்ப்பதே அறிவுடைமை.

இரண்டாவது படி தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழகுநருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். 2016-இல் தொடங்கப்பட்ட தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், அத்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500 என்ற உச்ச வரம்புக்கு உட்பட்டு, மைய அரசு ஏற்கிறது. வகுப்பறையில் ஒரு மூலையைப் பற்றவைத்துப் பழகியவர், உண்மையான உற்பத்தியின் வேகத்தையும் தரத்தையும் இங்கேதான் அறிகிறார். பயிற்சி நிலையச் சான்றிதழோடு நின்றுவிடாமல் பழகுநர் பயிற்சியையும் முடிப்பது, பின்னாளில் மிகுந்த பயன் தரும்.

ஈராண்டுப் பயிற்சியை முடித்தவர்கள் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பட்டயம் பெறவும் வழி உண்டு. தொழிலில் இறங்கினால் படிப்பின் கதவு அடைபட்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது.

சான்றின் மதிப்பு

இத்தொழிலில் ஊதியத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் எந்த நிலையில் வைத்துப் பற்றவைக்கத் தகுதி பெற்றவர் என்பதே. மேசை மீது தட்டையாகக் கிடக்கும் தகட்டைப் பற்றவைப்பது எளிது. செங்குத்தாக நிற்கும் தகடு கடினம். தலைக்கு மேல் உள்ள தகடு இன்னும் கடினம். 45 பாகைச் சாய்வில் அசையாது பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றிலும் பற்றவைக்கும் தேர்வு 6ஜி எனப்படுகிறது. இதில் ஒரே இணைப்பில் எல்லாக் கோணங்களையும் கையாள வேண்டியிருப்பதால், இதில் தேறியவருக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் தனி மதிப்பு உண்டு.

சான்று இவ்வளவு வற்புறுத்தப்படுவதற்கு அடிப்படைக் காரணம் உயிர்ப் பாதுகாப்பு. கொதிகலனில் ஒரு பற்று பிளந்தால், உள்ளிருக்கும் உயர் அழுத்த நீராவி அருகில் நிற்பவரைத் தப்ப விடாது. அதனால்தான் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகள், தேர்வில் தகுதி நிறுவிய பற்றவைப்பாளர் மட்டுமே அப்பணியைச் செய்யலாம் என்று வரையறுத்தன. அவர் பற்றவைத்த மாதிரிகள் வளைத்தும் ஊடுகதிர்ப் படம் எடுத்தும் சோதிக்கப்படுகின்றன. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் பற்றுக்குள்ளே காற்றுக்குமிழோ கசடோ மறைந்திருக்கலாம். ஊடுகதிர்ப் படம் அதைக் காட்டிவிடும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1965-இல் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதனைச் சுற்றி, அதற்கு வேண்டிய பாகங்களைச் செய்து தரும் சிறு தொழிலகங்கள் பெருகின. அந்நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இல் அங்கேயே அமைந்தது. பற்றவைப்பாளருக்கும் ஆய்வாளருக்குமான பயிற்சிகளை அந்நிலையம் அளித்து வருகிறது.

உடலைக் காத்தல்

இத்தொழிலின் இடர்களை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆர்க் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கண்ணின் மேற்பரப்பைச் சுடுகின்றன. அவ்வலி உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டாற் போன்ற வேதனை எழுகிறது. உரிய எண்ணுள்ள கருங்கண்ணாடி பொருத்திய முகக்கவசம் இதனை முற்றிலும் தடுக்கும். ஆர்க் வெல்டிங்கிற்குப் பொதுவாக 10 முதல் 13 வரையிலான எண் கொண்ட கண்ணாடிகள் பயன்படுகின்றன. வெயிலுக்கு அணியும் குளிர்கண்ணாடி ஒருபோதும் இதற்கு மாற்றாகாது.

புகை இன்னும் மெல்லிய பகைவன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2017-இல் பற்றவைப்புப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் புகையைச் சுவாசித்தால், அன்று மாலையே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். காற்றோட்டமுள்ள இடம், புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, தகுந்த சுவாசக் கவசம் ஆகியன இன்றியமையாதவை. எரிபொருள் இருந்த மூடிய பீப்பாயை, அது காலியாகத் தோன்றினாலும், பற்றவைக்கவோ வெட்டவோ கூடாது. எஞ்சிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே முகக்கவசமும் கையுறையும் கேட்டு வாங்குவது கூச்சப்பட வேண்டிய செயலன்று. அது தொழில் தெரிந்தவரின் அடையாளம்.

நிதிப் பாதுகாப்பும் இதனோடு சேர்ந்ததே. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தாலோ இரு கண்களின் பார்வையும் பறிபோனாலோ ரூ.2 லட்சமும், ஒரு கண்ணின் பார்வை மீட்க முடியாதவாறு பறிபோனால் ரூ.1 லட்சமும் கிடைக்கும். கண்ணையும் கையையும் முதலீடாகக் கொண்ட தொழிலில், அத்தொகை ஒரு தேநீர்ச் செலவுக்கு மேல் அதிகமில்லை.

சொந்தப் பட்டறை: இரு கணக்குகள்

சில ஆண்டுகள் உழைத்து அனுபவம் பெற்ற பின் பலருக்கும் எழும் எண்ணம், சொந்தமாக ஒரு பட்டறை தொடங்கலாமா என்பது. நல்ல கைத்திறன் உள்ளவர் நல்ல பட்டறை உரிமையாளராகவும் விளங்குவார் என்பது உறுதியன்று. கைத்திறனில் எக்குறையும் இல்லாத பட்டறையும் கணக்கில் தவறினால் மூடப்படும். இரு கணக்குகளை மட்டும் இங்கே காண்போம். விலைகள் விளக்கத்திற்காக நாமே கொண்டவை.

முதலாவது எடைக் கணக்கு. இரும்பு எடையில் விற்கப்படுகிறது. வேலையோ அளவில் வருகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுத் தகட்டின் எடை 7.85 கிலோ. இந்த ஓர் எண்ணை நினைவில் கொண்டால் எந்தத் தகட்டின் எடையையும் கணக்கிடலாம். ஓர் எந்திரத் தாங்கிக்கு 6 மில்லிமீட்டர் தகடு 2 சதுர மீட்டர் வேண்டும் எனில், எடை 94.2 கிலோ. கிலோ ரூ.60 எனக் கொண்டால் இரும்பின் விலை ரூ.5,652. வெட்டும்போது 8 விழுக்காடு துண்டாகக் கழியும் என்பதை மறந்து விலை கூறினால், ஒரு தாங்கிக்கு ஏறத்தாழ ரூ.450 குறையும். 20 தாங்கிகளுக்கு அது ரூ.9,000. ராடு, வாயு, மின்சாரம், கிரைண்டர் சக்கரம், வண்டி வாடகை ஆகியவற்றையும் இவ்வாறே மறந்தால், வேலை நிறைந்திருந்தும் கையில் பணம் நிற்காது. கழிவுத் துண்டுகளை விற்றுக் கிடைப்பது, வாங்கிய விலையில் ஒரு பகுதியே.

இரண்டாவது நாள் கணக்கு. ரூ.4 லட்சம் மதிப்புள்ள ஒரு வேலையில் இரும்புக்கு ரூ.2.40 லட்சம், கூலிக்கும் மின்சாரத்துக்கும் பிற பொருள்களுக்கும் ரூ.90,000, வாடகை முதலியவற்றுக்கு ரூ.20,000 என ரூ.3.50 லட்சம் செலவு, ஆதாயம் ரூ.50,000. இரும்பை முதல் நாளே ரொக்கத்திற்கு வாங்க வேண்டும். வேலை 20 நாளில் முடிகிறது. பணம் அதன் பின் 45 நாளில் வருகிறது எனில், ரூ.3.50 லட்சம் 65 நாள்கள் முடங்கும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் முழுத் தொகைக்கும் அக்காலத்தின் வட்டி ஏறத்தாழ ரூ.7,500. பணம் தாமதமாகி 150 நாள்கள் ஆனால், வட்டி மட்டுமே ரூ.17,000-ஐத் தாண்டும், ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, அடுத்த வேலைக்கு இரும்பு வாங்கப் பணமின்றி அதனைத் திருப்பி அனுப்ப நேர்வது. மேலும், பதிவு பெற்றவராயின் வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் விலைப்பட்டியல் எழுதிய மாதத்திற்குரிய சரக்கு மற்றும் சேவை வரியைக் கட்டியாக வேண்டும்.

கடன் எப்போது, எதற்கு

மேற்கண்ட இரு கணக்குகளும் கடனைப் பற்றி ஒரு பாடம் சொல்கின்றன. எந்திரம் வாங்கும் காலக் கடனும், இரும்பும் கூலியும் நடத்தும் நடைமுறை மூலதனமும் வெவ்வேறானவை. கையிருப்பு முழுவதையும் எந்திரத்தில் போட்டுவிட்டு, முதல் வேலைக்கு இரும்பு வாங்கப் பணமின்றித் தவிப்பது புதிய பட்டறைகளில் காணும் பிழை. முதலில் தொடர்ந்து வேலை தரக்கூடிய இரண்டு மூன்று வாடிக்கையாளர்களை உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வேலைகளுக்கு இன்றியமையாத எந்திரத்தை மட்டும் வாங்குங்கள். என்றாவது ஒரு நாள் தேவைப்படும் வளைக்கும் எந்திரத்திற்கு, அது உள்ள பட்டறையில் கூலி கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம்.

2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில், பிணைச் சொத்து இன்றிக் கடன் பெறலாம். ரூ.50,000 வரை சிசு, அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை கிஷோர், ரூ.10 லட்சம் வரை தருண் என்பன இதன் பிரிவுகள். தருண் கடனைச் செம்மையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு ரூ.20 லட்சம் வரை தருண் பிளஸ் பிரிவில் வாய்ப்பு உண்டு. பிணை இல்லை என்பதால் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. தவணை தவறினால் கடன் வரலாறு கெடும். அடுத்த படிக்கான கதவும் மூடும். வங்கிக்கு வரும்போது எந்திரத்தின் விலைப்புள்ளி, பயிற்சிச் சான்றுகள், கையிலுள்ள வேலை ஆணைகள், கடந்த மாதங்களின் வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு வருவது நலம். ரொக்கமாகப் பெற்று ரொக்கமாகச் செலவழித்த வருவாய்க்கு எந்தச் சுவடும் இராது. கணக்கின் வழியே சென்ற வருவாய் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

நிலுவைக்கு எதிரான காப்பு

சிறு பட்டறையைச் சட்டம் கைவிடவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்நாள் 45 நாள்களைத் தாண்டக் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். மாநிலங்களில் உள்ள வசதியாக்கக் குழுவிடம் இணையவழியே முறையிடலாம்.

இக்காப்பைப் பெற முதல் தேவை உத்யம் பதிவு. இது முற்றிலும் இலவசம். ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் பதியலாம். வேலை முடிந்து பணம் சிக்கிய பின்னர் பதிவதைவிட, பட்டறை திறக்கும் வாரத்திலேயே பதிந்துவிடுவது பாதுகாப்பானது. அதோடு எழுத்தில் பெற்ற வேலை ஆணை, தேதியிட்ட விலைப்பட்டியல், பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் முறையீடு நிற்கும். தெரிந்தவர்தானே என்று வாய்மொழியில் எடுத்த வேலைக்கு இம்மூன்றும் இராது. ஆகவே எழுத்தைக் கேட்பது நட்புக்கு இழுக்கு என எண்ண வேண்டாம். பல நேரங்களில் நட்பைக் காப்பதும் அந்த எழுத்தே. முன்பணமாக இரும்பின் விலையையேனும் பெறும் வழக்கத்தை முதல் வேலையிலிருந்தே கடைப்பிடித்தால், நாள் கணக்கின் சுமை பெரிதும் குறையும்.

நிறைவாக

உலோகக் கட்டமைப்பில் மனக்கண்ணும் கைந்நிதானமும் ஒருங்கே தேவை. எந்திர மனிதக் கைகள் ஒரே வடிவத்தை ஆயிரம் முறை பற்றவைக்கும் ஆற்றல் பெற்றுவிட்டன. ஆனால் பழுதான பாலத்தின் அடியிலும், இடுக்கான குழாய் வரிசையிலும், ஒவ்வொரு வீட்டிற்கும் வெவ்வேறாக அமையும் மாடிப்படியிலும், இடத்தைப் பார்த்து முடிவெடுக்கும் மனிதக் கையே இன்றும் வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பை முடித்த மகனோ மகளோ கைவேலையில் நாட்டம் காட்டினால், அதனைத் தோல்வியாகக் கருத வேண்டாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திற்கு ஒருமுறை அழைத்துச் சென்று, பயிற்சிக் கூடத்தைக் காட்டுங்கள். எச்சான்று கிடைக்கும், பழகுநர் பயிற்சிக்கு வழி உண்டா, முகக்கவசமும் புகைப்போக்கியும் உள்ளனவா என்று நீங்களே கேளுங்கள். அக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே, முன்னே விரிவது கூலிப் பாதையா, தொழிற்பாதையா என்பதைக் காட்டிவிடும். பட்டறை தொடங்கும் நாள் வரும்போது, எடைக் கணக்கையும் நாள் கணக்கையும் எழுதிய தாளோடு நம் கிளைக்கு வாருங்கள். அத்தாளிலிருந்தே நம் உரையாடலைத் தொடங்கலாம்.